நாற்பத்தேழாம் எண் பதக்கம்

கப்பல் உலோகத்தில் செய்த பதக்கங்களைச் சேர்க்கிற எங்களைப் பார்த்து நாணயம் சேர்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "பழைய இரும்புக் கடையில நிறுக்க வேண்டியதை எல்லாம் வெல்வெட் பெட்டியில வச்சிருக்கீங்களே!" என்பார்கள். சிரிக்கட்டும், பரவாயில்லை. போரிலும் புயலிலும் கிடந்து வந்த ஒரு கப்பலை உடைக்கும்போது அதன் மணியையோ சுழல்விசிறியையோ உருக்கி, அந்தக் கப்பலின் படத்தையே அதில் அச்சடித்து, உள்ளங்கையில் அடங்கும் வட்டமாகத் தருகிறார்கள். அந்த எடையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் எங்கள் பைத்தியம் புரியும். அதிலும் உருக்காமல், கப்பலின் தகட்டையே வெட்டிச் செய்த பதக்கம் என்றால் எங்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

எங்கள் சங்கத்தில் ஒருவர் மட்டும் ஒரே ஒரு கப்பலின் பதக்கத்தைத்தான் சேர்த்தார். மற்ற எதையும் இலவசமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார். அவரைக் கண்ணாடியம்மா என்று கூப்பிடுவோம். இதை அவர் சம்மதத்தோடும் அவர் மகளின் சம்மதத்தோடும் எழுதுகிறேன். சம்மதம் கிடைத்த பிறகும் மூன்று தடவை ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. முன்னால் கடைக்காரர் கண் பரிசோதித்து, சிரித்துப் பேசி, சட்டத்தைத் தேர்ந்தெடுக்க வைப்பார். பின்னால் இவர் லென்ஸை அந்தச் சட்டத்தின் அளவுக்குத் தேய்ப்பார். இரண்டு சக்கரங்கள், ஒரு குழாய், இளஞ்சிவப்புக் குழம்பாக மெருகுத்தூள் கரைத்த ஒரு தட்டு, கழுத்து வளைகிற ஒரு விளக்கு. பழைய கண்ணாடி லென்ஸில் கீறல் விழுந்தால் அதைக் கம்பளிச் சக்கரத்தில் பிடித்து எடுத்துவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விளக்கைச் சாய்த்து, லென்ஸைச் சாய்த்து, தலையையும் சாய்த்துப் பார்ப்பார். மயிரிழைக் கீறல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. முப்பது வருஷமாக அவருக்குக் கீறல் என்றால் குறை. குறையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்காரர் கப்பலில் எண்ணெய்க்காரர். இயந்திர அறையில் ஓடுகிற ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விடுகிற வேலை. அந்தத் துறைமுகத்திலேயே வயதான நீராவிக் கப்பல் அது. எல்லாரும் அதைக் கிழவி என்றுதான் சொல்வார்கள். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு வந்து கரை சேர்த்த கப்பல். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில்கூட அதன் படம் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் துறைமுக வாயிலில் கிழவி கவிழ்ந்தது. மேல்தளத்தில் இருந்தவர்கள் நீந்தித் தப்பினார்கள். இயந்திர அறையில் இருந்த ஒன்பது பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தலைகீழாகக் கிடந்த கப்பலின் வயிறு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. முக்குளிப்பவர்கள் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கம்பெனி ஆள் ஒருவர் காகிதத்தோடு வீடு வீடாக வந்தார்.

"சத்தமே இல்லைம்மா. நேத்தே எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வலியே தெரிஞ்சிருக்காது. வெளியில இருபது கப்பல் நிக்குது. தேடறதை நிறுத்திட்டு இழுத்து ஓரமாப் போடணும், அதுக்குத்தான் இந்தச் சம்மதக் கையெழுத்து. மத்த எட்டு வீட்டுலயும் போட்டுட்டாங்க. நீங்கதான் பாக்கி."

கண்ணாடியம்மா கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்கு இழுவைப் படகுகள் கிழவியை இழுத்துப் போய் ஆழத்தில் தள்ளின. நான்கு மாதம் கழித்துத்தான் கப்பலை எடுத்தார்கள். ஒன்பது பெட்டிகளை மூடியபடியே கொடுத்தார்கள். இறப்புச் சான்றிதழில் திங்கட்கிழமையின் தேதி இருந்தது.

கிழவியைச் சரிசெய்ய முடியவில்லை. ஆனால் சும்மா உடைத்துப் போடவும் கம்பெனிக்கு மனசு வரவில்லை, பேப்பரில் எல்லாம் எழுதினார்கள் அல்லவா! இயந்திர அறையில் அழுத்தமானிகளைப் பொருத்தியிருந்த பெரிய பித்தளைத் தகட்டைக் கழற்றி, வட்ட வட்டமாக வெட்டி, நூற்றிருபது நினைவுப் பதக்கங்கள் செய்தார்கள். முன்பக்கம் கப்பல் படம். பின்பக்கத்தை ஒன்றும் செய்யாமல் விட்டார்கள், கப்பலின் தோலைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று. ஒன்பது வீட்டுக்கும் ஆளுக்கு ஒன்று. மீதியை விற்றார்கள். கண்ணாடியம்மாவுக்கு வந்தது நாற்பத்தேழாம் எண்.

அதன் பின்பக்கம் கருத்துப் போய், கீறலும் கோடுமாக இருந்தது. வீட்டுக்காரர் நினைவாக வந்த பொருள் இப்படியா இருக்கும் என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம், கடைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து, கம்பளிச் சக்கரத்தில் பிடித்து, தூளை மாற்றி மாற்றித் தேய்த்தார். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, மூஞ்சி தெரியுதேக்கா!" என்றாராம். நிஜமாகவே தெரிந்தது. ஒரு கீறல் பாக்கி இல்லை.

எட்டு வருஷம் போனது. எங்கள் சங்கத்தின் கண்காட்சியை நூலகக் கூடத்தில் வைத்திருந்தோம். கண்ணாடியம்மா வந்தார். பல் டாக்டர் ஒருவர் தன் மேசையில் நாற்பத்தாறாம் எண்ணை வைத்திருந்தார்.

"தொடாதீங்கம்மா. விரல் பட்டாப் பச்சை பூத்துடும்."

"தொடலீங்க. அதைத் திருப்பி வையுங்களேன். விளக்கைக் கொஞ்சம் சாய்ங்க."

"பின்னாடி ஒண்ணுமில்லைம்மா, வெறும் கீறல். முன்பக்கம் பாருங்க, கொடிகூட அழகா விழுந்திருக்கு."

"கொடி கிடக்கட்டும் டாக்டர். திருப்புங்க."

நான்கு கோடுகள். ஆணியாலோ திருப்புளியாலோ அழுத்திக் கீறியவை. ஒவ்வொன்றும் நேராக ஓடி, ஒரு முனையில் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. கண்ணாடியம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வளைவு அவர் வீட்டுக் கதவுச் சட்டத்திலேயே இருந்தது. மகளை நிறுத்தி வைத்து, தலைக்கு மேல் கோடு இழுத்து, அப்பா வருஷாவருஷம் உயரம் குறித்த இடத்தில் எல்லாக் கோட்டுக்கும் அதே வால்.

இயந்திர அறையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். முறை முடிந்ததும் எண்ணெய்க்காரர், இருட்டிலும் முள் ஒளிர்கிற தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அழுத்தமானித் தகட்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். மறுநாள் துடைத்துவிடுவார்கள். வீட்டில் இதைப் பற்றி அவர் கேலியாகச் சொல்வாராம்: "நான் கோடு போட்டாத்தான் கப்பல்ல நேரமே நகரும், தெரியுமா?" சுண்ணாம்பில் போடுகிற கோட்டை எவனும் இரும்பால் கீற மாட்டான். சுண்ணாம்பு நனைந்து போயிருந்தால் தவிர.

ஒரு கோடு நான்கு மணி நேரம். நான்கு கோடு பதினாறு மணி நேரம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது என்றார்களே! திங்கள் காலை எட்டிலிருந்து எண்ணினால், கையெழுத்துப் போட்ட செவ்வாய் நான்கு மணி எட்டாவது கோட்டில் வரும். எட்டுக்குக் கீழே நின்றிருந்தால், அவர் கையெழுத்துப் போடும்போது வீட்டுக்காரர் உயிரோடு இல்லை. எட்டைத் தாண்டியிருந்தால்...

மீதிக் கோடுகள் வேறெந்தப் பதக்கத்தின் பின்னால் போயினவோ என்று அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் அவருடைய சேகரிப்பு.

ஐந்து வருஷம். சங்கத்தின் விலாசப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். பதக்கத்தைக் கொடுக்க மாட்டேன் என்றவர்களிடம் பின்பக்கத்தில் காகிதம் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, கீறலை நகலெடுத்துக்கொண்டார். வாங்கிக்கொண்ட பதக்கத்துக்குப் பதிலாகக் கண்ணாடி செய்து கொடுத்தார். எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் மூக்கில் இன்றும் அவர் தேய்த்த லென்ஸ்தான் இருக்கிறது. "சேகரிப்பாளர்னா முன்பக்கம் பார்ப்பாங்க, இந்தம்மா பின்பக்கமே பார்க்குது" என்று நாங்கள் கிண்டலடித்திருக்கிறோம். விஷயம் அப்போது எங்களில் டாக்டரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இப்போது நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. பஸ் டிப்போவில் டிக்கெட் அலுவலகத்தில் வேலை பார்க்கிற, சிரிக்கத் தெரிந்த பெண். இந்தப் பேச்சு வந்தால் மட்டும் முகம் கல்லாகிவிடும்.

"தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறே? அப்பா எழுந்து வரப் போறாரா?"

"வர வேண்டாம்டி. எப்போ போனார்னு தெரியட்டும்."

"போயிட்டார்னு தெரியும்ல. அது போதாதா? வீடு பூரா பித்தளை. சாப்பாட்டு மேசையில தட்டு வைக்க இடமில்லை."

"தட்டை மடியில வச்சுச் சாப்பிடு."

"உனக்குப் பிடிவாதம்மா. அப்பாவுக்கும் அதேதான். நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்."

முப்பத்தொரு பதக்கமும் எழுபத்தெட்டு நகலும் சேர்ந்தன. வேறு ஒன்றிலும் வால் வைத்த கோடு இல்லை. அப்புறம் டாக்டர்தான் பதக்கங்களை வெட்டிய அச்சுக்காரரைத் தேடிப் பிடித்தார். ஓய்வுபெற்று, ஒற்றை அறை வீட்டில் இருந்தார் அவர். காது மந்தம்.

"சத்தமாச் சொல்லும்மா! நாப்பது வருஷம் பிரஸ் கத்தினது இன்னும் உள்ளயே கத்திக்கிட்டு இருக்கு."

"நம்பர் எப்படிப் போட்டீங்கண்ணே?"

"எப்படின்னா? வெட்டின வரிசைதான். இடது பக்கம் மேல் மூலையில ஒண்ணு. வரிசைக்குப் பதினஞ்சு. எட்டு வரிசை. நம்பர் குத்தறதும் தகட்டோட மேல் விளிம்புப் பக்கமாத்தான். கண்ணை மூடிக்கிட்டு அடுக்கலாம்."

கண்ணாடியம்மா வீட்டுக்கு வந்து தரையில் அடுக்கினார். பதக்கம் இருக்கிற இடத்தில் பதக்கம், இல்லாத இடத்தில் பென்சில் நகல். நாற்பத்தாறு, நான்காவது வரிசையின் முதல் வட்டம். நான்கு கோடும் அங்கே ஆரம்பித்தன. கோட்டை இழுத்து முடிக்கிற கீழ்முனையில் இருக்க வேண்டிய வால்கள் எல்லாம் மேல்பக்கம் இருந்தன. தகடு தலைகீழாக இருந்தபோது போட்ட கோடுகள். நாற்பத்தெட்டில் ஒன்றுமே இல்லை.

ஆக, நான்கோடு நின்றதா, மேலே போனதா என்பது நாற்பத்தேழில் இருந்தது. அவர் கையால் முகம் பார்க்கிற கண்ணாடியாகத் தேய்த்த நாற்பத்தேழில்.

அதைப் பிறகு எவ்வளவு சாய்த்துப் பார்த்திருப்பார்! விளக்கை மாற்றி, பூதக்கண்ணாடியை மாற்றி, மூச்சை ஊதி ஆவி படியவிட்டுப் பார்த்தார். நல்ல வேலைக்காரி தேய்த்த பரப்பு, ஒரு நிழல்கூட மிச்சமில்லை. "வேற யாராவது அரைகுறையாத் தேய்ச்சிருந்தா ஏதாவது தெரிஞ்சிருக்கும்" என்றார் டாக்டரிடம். அதற்கப்புறம் இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. கடைக்காரர் வந்து கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, லென்ஸெல்லாம் டப்பாவுல காத்திருக்கு. நான் தேய்ச்சா ஊர்ல பாதிப் பேர் கம்பத்துல முட்டிக்குவாங்க" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார்.

திரும்ப அச்சுக்காரரிடம் அவர் போனது ஒன்றும் எதிர்பார்த்து அல்ல. வெட்டும்போது அந்த இடத்தில் எத்தனை கோடு இருந்தது என்று ஏதாவது ஞாபகம் இருக்குமா என்று கேட்கத்தான்.

"ஞாபகமா? ஒரே பாசியும் சேறுமா வந்ததும்மா. அமிலத்துல முக்கி எடுத்து வெட்டினேன். கோட்டை எல்லாம் யார் பார்த்தா? வட்டம் வெட்டறப்போ நெளியாம வரணும், அதுதான் என் கவலை. நடுவுல விரல் அகலம் விட்டு விட்டு வெட்டினேன், இல்லேன்னா தகடு மடங்கிடும்."

"அந்த விரல் அகலம் என்னாச்சுண்ணே?"

"எது?"

"வட்டம் போக மிச்சத் தகடு!" என்று கத்தினார் கண்ணாடியம்மா.

அச்சுக்காரர் யோசிக்கவே இல்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். "நல்ல பித்தளை, எடைக்குப் போட மனசு வரலை. ரொம்பப் பெரிசா இருந்துச்சு, குறுக்கே பாதியா வெட்டிட்டேன். ஒரு பாதி மச்சானுக்குப் போச்சு. இது இங்க வந்துடுச்சு."

குளியலறை ஜன்னலில், வரிசை வரிசையாக ஓட்டை போட்ட சல்லடை மாதிரி, அந்தத் தகடு கம்பிக்குப் பதிலாக நின்றது. பச்சைப் பெயின்ட் மூன்று நான்கு பூச்சு ஏறியிருந்தது. மேலிருந்து நான்கு வரிசை. நான்காவது வரிசையும் அதற்கு மேலே விரலகலப் பட்டையும் இருந்தன.

எங்களில் யாராக இருந்தாலும் அப்போதே உப்புத்தாள் எடுத்துத் தேய்த்திருப்போம். அவர் தொடவில்லை. மறுநாள் பஞ்சும் பெயின்ட் கரைக்கிற திரவமும் கொண்டுவந்தார். தகட்டை இறக்கி, கட்டில்மேல் துணி விரித்துப் படுக்கவைத்து, தடவிக் காத்திருந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். துடைக்கவே இல்லை, ஒற்றினார். அச்சுக்காரர் இரண்டு தடவை தேநீர் வைத்துக் கொடுத்தாராம், இரண்டும் ஆறிப் போயின. பித்தளை தெரிந்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தகட்டைச் சாய்த்தார்.

நாற்பத்தாறாவது ஓட்டைக்கும் நாற்பத்தேழாவது ஓட்டைக்கும் நடுவில் ஒரு முழுக்கோடு, பதக்கத்தில் இருந்த நான்கோடு சேர்த்து. ஐந்து. நாற்பத்தேழாவது ஓட்டையின் மேல் விளிம்பில், வட்டத்துக்குத் தப்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால்கள் மட்டும். தூண்டில் முள் தூண்டில் முள்ளாக ஆறு வால். கடைசி வால் அரைகுறையாக வளைந்து நின்றிருந்தது.

பதினொன்று.

அவர் மூன்று முறை எண்ணினார். காகிதம் வைத்து நகலெடுத்து அதிலும் எண்ணினார். நாற்பத்துநான்கு மணி நேரம். புதன்கிழமை விடியற்காலை நான்கு மணி. கையெழுத்துப் போட்டு, இழுவைப் படகு இழுத்து, ஆழத்தில் தள்ளி, அதற்கப்புறமும் மூன்று கோடு.

"என்னம்மா, கிடைச்சுதா?" என்றார் அச்சுக்காரர்.

"கிடைச்சுதுண்ணே."

"நல்லதா?"

கண்ணாடியம்மா காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினார். பதில் சொல்லியிருப்பார், தன் மந்தக் காதில்தான் விழவில்லை என்று அச்சுக்காரர் நினைத்துக்கொண்டாராம், பாவம்.

மகளிடம் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்திருக்கிறார். கையெழுத்துப் போட்டபோது அவளுக்குப் பதினோரு வயது. ஞாபகம் இருக்காது, ஏன் இதை அவள் தலையிலும் ஏற்ற வேண்டும்? ஆறு கோடு என்று சொல்லிவிடலாம். ஆறு என்றால் செவ்வாய் காலை. எல்லாம் முடிந்த பிறகுதான் காகிதம் வந்தது என்று ஆகிவிடும். அப்படியே முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார்.

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கையில் சுருட்டிய காகிதத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

"எத்தனை?"

"சொல்றேன். முதல்ல தண்ணி குடு."

"அம்மா, எத்தனைன்னு கேட்டேன். சின்னதா ஒரு நம்பர் சொல்லி என்னை ஏமாத்தலாம்னு மட்டும் பார்க்காதே."

"உனக்கு எதுக்குடி அது? நீ சின்னப் பொண்ணு, உனக்கு அப்போ என்ன தெரியும்?"

"எனக்கா தெரியாது?" மகள் கையிலிருந்த துணியைப் போட்டாள். "அந்த ஆளோட பேனா எழுதலைம்மா. உதறி உதறிப் பார்த்தார். என் ஸ்கூல் பையிலிருந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். 'சமர்த்துப் பொண்ணு'ன்னு தலையில தட்டிட்டுப் போனார். அந்தப் பேனாவை என்ன பண்ணேன் தெரியுமா? தொலைஞ்சு போச்சுன்னு உங்கிட்ட அடி வாங்கினேனே, சாக்கடையில போட்டேன். எனக்குப் பதினோரு வயசு. எல்லாம் தெரியும்."

கண்ணாடியம்மா காகிதத்தை மேசைமேல் விரித்தார். மகள் விரல் வைத்து எண்ணினாள். ஏழில் நின்றாள், எட்டில் நின்றாள். பிறகு நிற்காமல் பதினொன்று வரை போனாள். மடித்த துணியை மகள் மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். கையில் நாற்பத்தாறாம் பதக்கம், டாக்டர் இரவல் கொடுத்தது. ஜன்னல் தகடு துணியில் சுற்றி மகளின் தோளில். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பதினஞ்சு வருஷம் ஆயிடுச்சும்மா. திங்கட்கிழமையைப் புதன்கிழமையா மாத்தணும்ங்கிறீங்க. ரெண்டு நாள்தானே? இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்லீங்க."

"பின்னே?"

"திங்கட்கிழமை அவர் சாகலை. செவ்வாய்க்கிழமையும் சாகலை. நாங்க இருந்தோம், அவரும் இருந்தார். அதை எழுதணும்."

எழுத்தர் தகட்டைப் பார்த்தார். விரலை நீட்டி, தொடாமல் மடக்கிக்கொண்டார். இதற்கென்று படிவம் இல்லை, வேறொரு படிவத்தில் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன், நடக்குமா என்று சொல்ல முடியாது என்றார். மற்ற எட்டு பேர் நிலைமை என்ன என்று கேட்டார். தெரியாது, கோடு இவர் போட்டது மட்டும்தான், மற்றவர்கள் எந்தக் கோடு வரை இருந்தார்களோ, என்றார் கண்ணாடியம்மா. அந்த எட்டு வீட்டுக்கும் சொல்ல வேண்டுமா என்று எழுத்தரையே கேட்டார். அவர் படிவத்தைத் தேடி எடுத்து நீட்டினார்.

விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அம்மாவும் மகளும் இரண்டு பேருமே கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் போதும் என்று எழுத்தர் சொல்லியும் கேட்கவில்லை.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. மேலிருந்து பதில் வரவில்லை. வாங்கிய பதக்கங்களை ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் கண்ணாடியம்மா. செய்து கொடுத்த கண்ணாடிகளைத் திரும்பக் கேட்கவில்லை. எட்டு வீடுகளில் ஒரு வீட்டுக்கு மட்டும் போயிருக்கிறார், கொதிகலன்காரரின் மனைவி வீட்டுக்கு. வாசல் வரை போய், அந்த அம்மா கதவைத் திறந்து, "யாரு, என்ன வேணும்?" என்று கேட்டதும், கண்ணாடி ஏதாவது சரி பண்ணணுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.